குளத்தங்கரை உடை

கற்பிட்டிக் கடலில் கணவன் றொபி மூழ்கி எடுத்துவரும் கடலட்டையை அவித்துக் காயவைப்பது மாக்கிறட்டின் வேலை. அதற்கு அவள் உடைமர விறகைத்தான் எரிப்பாள். அதுவும் காய்ந்த மணல்மேட்டில் மெள்ள வளர்ந்த மரமாக இருக்கவேண்டும். அதன் தணல்தான் சீராக நெடுநேரம் நிற்கும். அந்த விறகை றொபியே தேடி வெட்டி வருவான்.

நாட்டில் சண்டை முடிந்த மறுவருஷம், மூழ்கப்போன றொபியைப் பிணமாகத்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அவன் கடைசியாகப் பிடித்த அட்டையைக் கூட்டாளிகள் உப்பிலிட்டு வைத்திருந்தார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் மாக்கிறட் அதை அவிக்க அடுப்பு மூட்டப்போனாள். விறகு தீர்ந்திருந்ததால், குளத்தங்கரையில் வெட்டிக்கிடந்த உடையைத் தங்கை டயனா கொண்டுவந்தாள்.

“இதுவும் உடைதானே அக்கா?”

“உடைதான். தண்ணி குடிச்சுக் கெதியா வளந்தது. பஞ்சு மாதிரி.”

நெருப்பு புகைந்தது, திடீரென்று சீறி எரிந்தது, தணல் பிடிக்காமலே அணைந்தது. கொதி சீராக நிற்காமல் அட்டைகளின் தோல் வெடித்துப்போயிற்று.

“ஏவாரி இதை எடுக்கமாட்டான். கடல்லயே கொட்டுவமா?” என்றாள் டயனா.

“வேண்டாம். அந்தக் கடலுக்கு இனி நான் ஒண்டும் குடுக்கமாட்டன்.”

மாக்கிறட் வேலியோர மணலைத் தோண்டி அட்டைகளைப் புதைத்தாள். பிறகு மிஞ்சிய விறகை மறுபடி மூட்டி, அட்டை அவித்த வெறும் கிடாரத்தின் முன்னால் குந்தியவள், அந்த விறகு முழுவதும் எரிந்து சாம்பலாகும்வரை எழும்பவே இல்லை.