அக்காவின் லினக்ஸ் வகுப்பு

பழைய மானிட்டரை அணைத்த பிறகும் அதன் கண்ணாடியில் தங்கியிருக்கும் மின்சாரம், கையைக் கிட்டே கொண்டுபோனால் மயிரெல்லாம் எழுந்து நிற்க, ஒரு கூச்சமாக முழங்கை வரை ஏறும். இன்றும் சில பிற்பகல்களில் காரணமில்லாமல் அது ஏறுகிறது. எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், மறுபடி நடக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தருகே, டயர் கடை மாடியில், என் அக்கா கணினி வகுப்பு எடுத்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பதினான்கு. நானும் அங்கே மாணவிதான். மற்ற ஏழு பேரும் ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்டு முடித்துச் சீருடையோடு வருகிறவர்கள். புதிய விண்டோஸைத் தாங்காத கிழட்டுக் கணினிகள் என்பதால் எல்லாவற்றிலும் அக்கா, அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டிருந்தாள். விண்டோஸை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு அது 'டூப்ளிகேட்' கம்ப்யூட்டர்.

"இன்னாம்மா, கீழ ஸ்டார்ட் பட்டனையே காணோம், எவனாவது தூக்கிக்கினு பூட்டானா?" என்பார் ஒருவர். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்.

வகுப்பின் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை வந்து கேப்பேன். இது வேணாம்னாங்கன்னா விண்டோஸ் போட்டுடுவேன், அதுக்கு வாத்தியார் ரெடியா கீறான்." அக்காவுக்கு வேறு வேலை கிடைத்திருக்கும்; வேறு ஆசைதான் இருக்கவில்லை.

அவளோ லினக்ஸின் கருவான 'கெர்னல்' என்றெல்லாம் பேசி எல்லோரையும் கொட்டாவி விடவைத்தாள். வெள்ளிக்கிழமை, கண்ணாடிக் கம்பெனி மாரி அண்ணன் ஏதோ மென்பொருளை ஏற்றப் போக, கறுப்புத் திரை கடவுச்சொல் கேட்டது. தட்டினார், ஒரு புள்ளிகூட வரவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினார், கீபோர்டைக் கவிழ்த்து உதறினார்.

"செத்துப்போச்சும்மா இது."

"சாவலண்ணா. நீங்க தட்றது உள்ள போய்க்கினுதான் கீது, வெளிய காட்டாது. உங்க லைன்ல மிஷின் பேனல் சாவி யார்கிட்ட?"

"மெயின்டனன்ஸ்காரன்கிட்ட. நான் தொட்டா மெமோதான்."

"இங்க அந்தச் சாவி உங்களுது. தொறந்து பாக்கலாம், மாத்தலாம், மாத்தினத நாலு பேருக்குக் குடுக்கலாம். எவனும் மெமோ தரமாட்டான்."

அவர் ஒவ்வோர் எழுத்தாக, குருடர்போலத் தடவித் தட்டினார். ஏற்றுக்கொண்டது. வருடக்கணக்காக ஒரே பொத்தானை அமுக்கிவந்த மனிதர், நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

மறுநாள் சொந்தக்காரர் வந்து, சூப்பர்வைசர் ஓவர்டைமுக்கு ஆள் கேட்கிற தோரணையில், "விண்டோஸ் வேணுங்கிறவன் கை தூக்கு" என்றார். கம்பெனி லைனில் ஒரு கை எழுந்தால் எல்லாக் கையும் எழும். தூக்காதவன் கண்ணில் உறுத்துவான். அந்தப் பழக்கத்திலேயே ஒவ்வொன்றாக எழுந்தன. மாரி அண்ணன் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். ஏழாவதாக எழுந்த கை என்னுடையது. பள்ளியில் தோழிகள் விண்டோஸைப் பற்றிப் பேசும்போது நானும் பேச வேண்டும். வேறு காரணமே இல்லை. அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள், சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

அந்த மாடி இன்று வடநாட்டுத் தொழிலாளர் தங்கும் லாட்ஜ். அங்கே கைக்குக் கை மின்னும் ஆண்ட்ராய்டு போன்களின் அடியில் ஓடுவது அதே லினக்ஸ்தான் என்று சொன்னால், யாரும் தலைகூட நிமிர்த்துவதில்லை. வாலாஜாபாத்தில் உரக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் போன வாரம் என் போனை நீட்டி, "இதுக்குள்ள எப்படிக்கா ஓடுது, கொஞ்சம் சொல்லேன்" என்றேன்.

பார்க்காமலே திருப்பிக் கொடுத்தாள். "ஓடுதில்ல? அப்புறம் இன்னாடி?"