நடன அறையில் வைக்கோல்

உருளைக்கிழங்கு அழுகி ஊரெல்லாம் பட்டினி கிடந்த அந்தக் குளிர்காலத்தில் என் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவும் நானும் துறைமுக ஊரான கின்சேலுக்கு நடந்தே வந்தோம். ஏழைகள் விடுதியில் இடமில்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்குள் அம்மாவுக்கும் காய்ச்சல். மாவு ஆலைக்காரர் வீட்டு வாசலில் விழுந்துவிட்டாள். எனக்கு அப்போது எட்டு வயது.

அந்த வீட்டுக்காரி மிஸ் அரபெல்லா மீட். வயது முப்பது. அவருடைய அப்பா விட்டுப்போன ஆலையும் சொத்தும் அவருக்குத்தான். வேலைக்காரிகள் கிட்டே வரப் பயந்தார்கள். அவரே வண்டிக்காரரோடு சேர்ந்து அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய், நடன அறையில் வைக்கோல் பரப்பிக் கிடத்தினார். ஒரே வாரத்தில் அந்த அறையில் காய்ச்சல்காரர்கள் நாற்பது பேர்.

சமையல்காரி கோபித்துக்கொண்டு போய்விட்டாள். மிஸ் மீட் அதுவரை ஒரு முட்டைகூட வேகவைத்ததில்லை. அவர் காய்ச்சிய கஞ்சியை அம்மா ஒரு வாய் குடித்தாள்.

"காய்ச்சல் என்னைக் கொல்லலைங்க. இது கொன்னுடும் போலிருக்கு."

மிஸ் மீட் கரண்டியைச் சப்பிப் பார்த்தார். "உப்பு போடலையோ?"

"உப்பும் போடலை, வேகவும் விடலை."

"அப்போ சீக்கிரம் எழுந்து வந்து சொல்லிக்குடு ஹனோரா."

டப்ளினிலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். மூக்கில் கைக்குட்டையோடு வாசற்படியிலேயே நின்றார். "பெல்லா, இனிமே எவன் உன்னைக் கட்டிப்பான்?"

"இங்க நாப்பது பேர் இருக்காங்கண்ணா. ஒருத்தரும் அதைப் பத்திக் கவலைப்படலை."

மிஸ் மீட் புராட்டஸ்டன்ட், நாங்கள் கத்தோலிக்கர். ஒருநாள் அவர்கள் சபைப் பிரசங்கியார் ஒருவர் வந்து, கஞ்சி குடிக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை தங்கள் கோயிலுக்கு வரவேண்டும் என்றார். அறையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

"கஞ்சி ஊத்துறதா இருந்தா உள்ளே வாங்க ஐயா," என்றார் மிஸ் மீட். "இல்லேன்னா கதவைச் சாத்திட்டுப் போங்க. இவங்களுக்குக் குளிருது."

பிரசங்கியார் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மார்ச்சில் மிஸ் மீட்டையும் காய்ச்சல் பிடித்தது. அதற்குள் தேறிவிட்ட அம்மா பதினோரு நாள் அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. அவருடைய தலைமுடியெல்லாம் கொட்டிவிட்டது. எழுந்து உட்கார்ந்ததும் அவர் அம்மாவிடம் கேட்டார்: "உனக்கு என்ன வேணும்?"

"வேலை," என்றாள் அம்மா.

குதிரைகளையும் வண்டியையும் விற்றுவிட்டு, லாயத்தைச் சலவைக்கூடமாக மாற்றினார் மிஸ் மீட். வண்டிக்காரர்தான் முதல் அடுப்பைக் கட்டினார். துறைமுகத்துக் கப்பல்களின் துணியெல்லாம் எங்களிடம் வரும். புருஷனை இழந்த பெண்கள் அதில் பிழைத்தார்கள். மாடியில் பிள்ளைகள் நாங்கள் எழுதப் படிக்கக் கற்றோம். துணிக்குப் போடும் கஞ்சிப் பசை கெட்டியாக இருக்கவேண்டுமா, தளர இருக்கவேண்டுமா என்று திங்கள்தோறும் அவருக்கும் அம்மாவுக்கும் சண்டை. அம்மாதான் ஜெயிப்பாள்.

முப்பத்துநான்கு வருஷம் அப்படியே போனது. மிஸ் மீட் இறந்தபோது, அவர்களுடைய கோயிலுக்குள் போகக்கூடாது என்று எங்கள் பாதிரியார் சொல்லிவிட்டார். இருநூறு பேர் வெளியே மழையில் நின்றோம். ஆராதனை முடிந்து அவர்களுடைய பாதிரியார் வெளியே வந்தார். எங்களைப் பார்த்துவிட்டு மழைக்குள் இறங்கினார். பிறகு, "கல்லறை வரைக்கும் பெட்டியை நீங்க தூக்கிட்டு வரீங்களா?" என்று கேட்டார்.

சலவைக்கூடத்துப் பெண்கள் எட்டுப் பேர் தோள் கொடுத்தோம். அம்மா முன்னால் நடந்தாள். மேட்டுப்பாதை, பெட்டியும் நல்ல கனம். ஆனாலும் வழியில் யாரிடமும் மாற்றிக்கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.