உப்பில்லாத செவ்வாய்: பிரஷர் மிஷினோடு குன்னூர் போய் வந்தோம்

மாசி மாதம் மூன்றாவது செவ்வாய் குன்னூர் மாரியம்மனைப் பார்ப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். வேண்டுதல் என் வீட்டுக்காரருக்காக. அவருக்கு வயது அறுபத்தொன்று, பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. போன புரட்டாசியில் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். தோளில் பட்ட அடியோடு தப்பித்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

கோயமுத்தூர் டாக்டர் அவரைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்துவிட்டு, தானியங்கி நரம்புகள் பழுதாகியிருக்கின்றன என்றார். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். தேடிப் படித்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நாம் எழுந்து நின்றால் இரத்தம் காலுக்கு இறங்கும். உடனே குழாய்களை இறுக்கி இரத்தத்தைத் தலைக்கு ஏற்றுவது இந்த நரம்புகளின் வேலை. மூச்சு, வியர்வை, செரிமானம் மாதிரி இதையும் நாம் சொல்லாமலே அவை பார்த்துக்கொள்ளும். நாள்பட்ட சர்க்கரை அவற்றை அரித்துவிட்டால் நின்றதும் பிரஷர் இறங்கும், கண் இருட்டும், பிடரியும் தோளும் வலிக்கும்.

ஒரு மாதக் கணக்கை எழுதிவரச் சொல்லியிருந்தார் டாக்டர். ஐந்து நிமிடம் படுத்த பின் ஒரு அளவு, நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. அதைப் பார்த்துத்தான் நிற்கும்போது பிரஷரை ஏற்றும் மாத்திரை தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வாராம். அந்த மாத்திரை படுத்திருக்கும்போதும் பிரஷரை ஏற்றிவிடும், அதனால் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், உப்பைக் குறைக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

அங்கேதான் நான் தவறினேன். என் வேண்டுதலில் மாசிச் செவ்வாய்களில் உப்பில்லா விரதமும் சேர்த்தி. முதல் இரண்டு வாரம் நான் மட்டும் இருந்தேன். மூன்றாவது வாரம் அவரும் சேர்ந்துகொண்டார். "எனக்காக நீ பத்தியச் சோறு திங்கற, நான் மட்டும் ஊறுகாய நக்கிட்டு உக்காந்திருக்கறதா?" என்றார். உண்மையைச் சொன்னால், அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

அவிநாசியில் காலை 5.40க்குக் கிளம்பினோம். அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். 7.20க்குக் குன்னூர் பஸ். மலைப்பாதையில் அவசரத்துக்கு இறங்க முடியாது என்று, வீட்டில் குடித்த ஒரு டம்ளருக்கு மேல் இரண்டு பேரும் தண்ணீரே குடிக்கவில்லை. பர்லியாரில் சோதனைக்கு ஏறியவர் எங்கள் பிளாஸ்டிக் பாட்டிலையும் வாங்கிக்கொண்டார். நீலகிரிக்குள் அந்தப் பாட்டில் கூடாது என்பது தெரிந்த விஷயம்தான். அவசரத்தில் எவர்சில்வர் பாட்டிலை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். காலை அளவையும் எடுக்கவில்லை.

8.55க்குக் குன்னூர். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறை, ஒரு நாளைக்கு 1,400 ரூபாய், வெந்நீர் வாளிக்கு 30 ரூபாய் தனி. குளிருக்கு இதமாக அவர் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டார். கொண்டுபோன உப்பில்லாத தயிர்ச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு 10.30க்குக் கோயிலுக்குப் போனோம். செவ்வாய்க்கிழமைக் கூட்டம். அரை மணி நேரம் வரிசை நகரவே இல்லை. பிடரியைத் தேய்த்துக்கொண்டே நின்றார். முகம் வெளுத்தது. "கண்ணு மங்குது புள்ள" என்றார்.

முழங்கால் மடியும்போதே பிடித்துவிட்டேன். எனக்குப் பின்னால் நின்ற அம்மா இன்னொரு கையைப் பிடித்தார். பெயர் பழனியம்மா, பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர், அன்றைக்கு லீவு. இரண்டு பேருமாகச் சுவரோரம் உட்கார வைத்தோம். சர்க்கரைக்காரர் என்று தெரிந்ததும் சுற்றி நின்றவர்கள் சர்க்கரை இறங்கிவிட்டது, வெல்லம் கொடு என்றார்கள். யாரோ வாயருகே கொண்டுவந்தும் விட்டார்கள். ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லி விரலில் குத்திப் பார்த்தேன்: 146. சர்க்கரை இறங்கவில்லை. கையில் பிரஷர் மிஷின் பட்டையைக் கட்டினேன்: 88க்கு 54. அங்கேயே படுக்க வைத்து, துணிப்பையின் மேல் காலைத் தூக்கி வைத்தேன். பத்து நிமிடத்தில் 132 ஆனது, முகத்துக்கு நிறம் வந்தது.

"காலையில என்ன சாப்டாருங்க?" என்று பழனியம்மா கேட்டார். சொன்னேன். தண்ணீர் எவ்வளவு என்றார். அதையும் சொன்னேன்.

"மிஷினெல்லாம் ரெண்டு வச்சிருக்கீங்க, ஒரு சொம்புத் தண்ணி வைக்கலியாக்கும்" என்றார்.

டீக்கடையிலிருந்து ஒரு செம்பு வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் வாங்கிவந்தவர் அவரே. உப்பைப் பார்த்ததும் என் கை தயங்கியது. அம்மன் சன்னிதி முன்னாலேயே விரதத்தை முறிப்பதா? என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நேந்துக்கிட்டது நீங்களா, அவரா?" என்றார். நான்தான் என்றேன். "அப்ப அவருக்குப் போடுங்க. சாமி உங்ககிட்ட கேட்டத அவருகிட்ட புடுங்காது." போட்டுக் கொடுத்தேன். என் விரதத்தை நான் முறிக்கவில்லை. கூட்டம் குறைந்த பிறகு அம்மனைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பினோம்.

அன்று மாலை அறையில் நோட்டை எடுத்தபோது அவர் தடுத்தார். "இத எழுதாத. டாக்டரு பாத்தாருன்னா மாத்தரயப் போட்டு, இனி ஊட்டுக்குள்ளயே கெடம்பாரு." பங்குனியில் திருச்செந்தூர் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கும் அந்தப் பக்கத்தை விட்டுவிட வேறொரு காரணம் இருந்தது. எழுதினால் என் தப்பும் அதில் இருக்கும்.

"ஏனுங்க, பாதிக் கணக்கு எழுதறதுக்கு எதுக்குங்க நோட்டு?" என்று மட்டும் சொன்னேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் எழுதினேன்: காலை அளவு இல்லை. உப்பு இல்லை. தண்ணீர் ஒரு டம்ளர். வெந்நீர்க் குளியல். வரிசையில் அரை மணி. 88/54.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, உப்புப் போட்ட ராத்திரிச் சாப்பாடும் தண்ணீரும் உள்ளே போன பிறகு, படுத்து 136, நின்று மூன்றாவது நிமிடத்தில் 114. ஆட்டோவில் (போக வர 350 ரூபாய்) ஒரு தேயிலைத் தோட்டம் வரை போய், கால் மணி நேரம் நடந்து கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். திரும்பும் வழியில் பர்லியார் பழப் பண்ணையில் இறங்கினோம். சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் வீடு.

அடுத்த வாரம் டாக்டர் அந்தப் பக்கத்தில்தான் வெகு நேரம் நின்றார். 88 என்ற எண் மட்டும் இருந்திருந்தால் நோய் முற்றிவிட்டது என்று மாத்திரையைத் தொடங்கியிருப்பேன் என்றார். பக்கத்தில் காரணங்கள் இருந்ததால் மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், அதே மாதிரி எழுதிக்கொண்டே வாருங்கள் என்றார். திருச்செந்தூருக்கும் தடையில்லை. என்னைத் திட்டவில்லை. விரதத்தை அம்மணி தனியாக இருக்கட்டும் என்றார், அவ்வளவுதான்.

இப்படி ஒருவரை மலைக்கு அழைத்துப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. குளிரில் தாகம் தெரியாது. மணி பார்த்துத் தண்ணீர் கொடுங்கள், எவர்சில்வர் பாட்டிலில். பர்லியாரில் பஸ் நிற்கும், கழிப்பறைக்குப் பயப்படாதீர்கள். சுடச்சுடக் குளித்தாலும் பிரஷர் இறங்கும்; வெந்நீர் மிதமாக இருக்கட்டும், உட்கார்ந்து குளிக்கட்டும். சொந்தக் கார் என்றால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் முதலிலேயே எடுத்துவிடுங்கள். உப்பு விஷயத்தில் எங்களைப் பார்த்துச் செய்யாதீர்கள்; இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு உப்பு கெடுதல், உங்கள் டாக்டரைக் கேளுங்கள். அளவோடு அன்று நடந்ததையும் எழுதுங்கள், உங்கள் தப்பு உட்பட.

திருச்செந்தூர் போய் வந்துவிட்டோம். இப்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்குவது நாங்கள்தான். எல்லோரும் எழுந்த பிறகும் அவர் உட்கார்ந்தபடியே குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்குவார், கம்பியைப் பிடித்து எழுவார், ஒரு நிமிடம் நிற்பார். கண்டக்டர் விசில் அடித்தால், "இருங்க தம்பி, ரத்தம் இன்னும் மேல ஏறி வரல" என்பார்.