பக்கத்து சீட்டிலிருந்து பார்த்த முள்

மீட்டர்காரர் என்றால் அந்தத் தெருவில் ஒருவர்தான். தெரு முழுக்கக் கார் அலங்காரக் கடைகள். ஒருவர் ஹாரன் மாற்றுவார், ஒருவர் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவார், எதிர்க் கடைக்காரர் சீட் கவர் தைப்பார். நம் ஆளுக்கு ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் மீட்டர் பலகைதான் உலகம். கம்பெனி கொடுத்த சாதுவான கறுப்புத் தட்டைக் கழற்றிவிட்டு, கடைகளில் தனியாக விற்கும் வெள்ளைத் தட்டு, உலோக வளையம், சிவப்பு முள், நீல விளக்கு என்று வைத்துக் கொடுப்பார். அதற்குப் பிறகு காய்கறி வாங்கப் போகிறவன்கூடப் பந்தயத்துக்குப் புறப்பட்ட நினைப்பில்தான் சாவியைத் திருகுவான்.

வேலை என்னவோ பார்க்க எளிதுதான். இரண்டு தேக்கரண்டிகளை முள்ளின் அடியில் எதிரெதிராகக் கொடுத்து நெம்பினால் முள் கையோடு வந்துவிடும். பழைய தட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துத் திருகாணியை முடுக்கலாம். சிக்கல் எல்லாம் முள்ளைத் திரும்ப வைப்பதில்தான். மயிரிழை தப்பினாலும் மீட்டர் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். அதனால் மேலே மூடும் கண்ணாடியை மாட்டாமலே வண்டியை ஒரு நேர் சாலைக்குக் கொண்டுபோய், கைப்பேசி காட்டும் வேகத்தைப் பார்த்து, அறுபதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே முள்ளை அறுபதில் வைத்து விரல் நுனியால் அழுத்துவார். அந்த விரலுக்குத் தெருவில் தனி மரியாதை இருந்தது.

இத்தனை பெருமைக்கும் அடியில் ஒரு சங்கதி கிடந்தது. மனிதருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

கேட்டால் சிரிப்பு வரும். அவருக்கு வரவில்லை. இந்தத் தெருவுக்கு வேலைக்கு வந்த புதிதில் முதலாளியின் வண்டியை எடுத்துப் பார்த்து, முன்னால் போக வேண்டியவர் பின்னால் போய்க் கடையின் இரும்புக் கதவை மடக்கிவிட்டார். தெருவே கூடிச் சிரித்தது. அன்று இறங்கியவர்தான், மறுபடி அந்த சீட்டில் உட்காரவில்லை. பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். அதற்குள் சொந்தக் கடை வந்தது, பெயர் வந்தது, தலையும் நரைத்தது. வேகம் காட்டும் முள்ளுக்கே வைத்தியம் பார்க்கிறவர் எல் போர்டு மாட்டிய வண்டியில், தன் வாடிக்கையாளர்கள் பார்க்கப் பார்க்கத் திணறுவதா? மானம் போய்விடாதா? இந்த மனிதர்களின் மானம் எங்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்கிறது பாருங்கள்.

மறைப்பதற்கு ஒரு வழியும் வைத்திருந்தார். வண்டியைக் கடைக்குள் ஏற்றவும் இறக்கவும் சீட் கவர்காரரைக் கூப்பிடுவார், முழங்கால் வலி என்பார். சாலைக்குப் போகும்போது சொந்தக்காரரையே ஓட்டச் சொல்வார். "உங்க கால் பழக்கத்துக்குத்தாங்க முள் உக்காரும். நான் ஓட்டி வெச்சா உங்களுக்குச் சரிப்படாது" என்று ஒரு போடு போடுவார். சுத்தப் புளுகு. ஆனால் கேட்டவர்கள் எல்லாம் அடடா, எவ்வளவு நுணுக்கம் என்று தலையாட்டினார்கள். நாளடைவில் தெருவிலிருந்த மற்ற கடைக்காரர்களும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். தன் புளுகு தொழில் நுட்பமாகி நாலு பேர் வாயில் உலாவுவதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளுக்குள் கூசும். அந்தக் கூச்சத்தையும் ஒரு டீயோடு விழுங்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

இப்படி இருக்கையில்தான் பல் டாக்டர் அம்மா வந்தார். இரண்டே பேர் உட்காரக்கூடிய மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார், பழையது. பல வருஷ ஆசையாம். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று அவருடைய அண்ணன் வாய் ஓயாமல் கேட்டிருக்கிறார், அந்தம்மாவும் காதில் போட்டுக்கொள்ளாமல் வாங்கியிருக்கிறார். வண்டிதான் அப்படியே தவிர ஓட்டுவது பரம சாது. சைக்கிள்காரன் முந்தினாலும் வழிவிடுகிற ஆள். தட்டு மட்டும் அழகாக வேண்டும் என்றார். எண்கள் மேலெழும்பி நிற்கும் இரட்டைத் தட்டும், உயரமான குமிழ் வைத்த சிவப்பு முள்ளும் தேர்ந்தெடுத்தார். வழக்கம்போல அவர் ஓட்ட, மீட்டர்காரர் பக்கத்து சீட்டில் கைப்பேசியோடு உட்கார்ந்து, எட்டி, முள்ளை அழுத்தினார். கண்ணாடியை மாட்டிக் கொடுத்ததும் அந்தம்மா சின்னப் பெண் மாதிரி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தார்.

அடுத்த முறை அந்த மஞ்சள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தது அவருடைய அண்ணன். வண்டியை விட்டுவிட்டு, வேடிக்கை போதும் என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். டாக்டர் அம்மா தன் ஆஸ்பத்திரியிலிருந்து பின்னாலேயே பஸ்ஸில் வந்து இறங்கினார். அறுபதுக்கு மேல் போகக்கூடாத சாலையில் அவர் எழுபதில் போனதாகக் கேமரா மூன்று முறை பிடித்திருக்கிறது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வண்டியை விற்கப் போவதாகவும், பழைய தட்டையே திரும்பப் போட்டுத் தரவேண்டும் என்றும் கேட்டார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் மீட்டர்காரருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நீங்களே ஓட்டிப் பாத்துச் சொல்லுங்கண்ணா. நான் இப்ப ஓட்டக்கூடாது" என்றார்.

முழங்கால் வலி உடனே வந்துவிட்டது. சீட் கவர்காரர் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தார். அவர் ஓட்ட, மீட்டர்காரர் பக்கத்தில் உட்கார, அதே நேர் சாலைக்குப் போனார்கள். கைப்பேசியில் அறுபது வந்தது. அவர் பார்வைக்கு முள்ளும் அறுபதில் ஆடாமல் அசையாமல் நின்றது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது அவருக்கு. திரும்பி வந்து, மீட்டர் துல்லியமாக இருக்கிறது என்று, கொஞ்சம் பெருமையாகவே, சொன்னார்.

டாக்டர் அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். "நான் சொன்னேன்ணா, எங்கண்ணன்கிட்ட. மீட்டரைக் குறை சொல்லாதே, அவர் என் கண்ணு முன்னாடி வெச்சுக் குடுத்தார்னு. அப்போ என் கண்ணுலதான் கோளாறு. முள்ளு எங்க நிக்குதுன்னே தெரியலைன்னா நாளைக்கு ஒருத்தர் வாய்க்குள்ள எப்படி ஊசியை விடுறது? நுணுக்கமான வேலைக்கு வர்றவங்களை எல்லாம் இப்ப வேற டாக்டர்கிட்ட அனுப்பிட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு, நேரமானதால் பஸ் பிடிக்கப் போனார்.

வண்டியைக் கடைக்குள் ஏற்றிவிட்டு இறங்கிய சீட் கவர்காரர், சாவியைக் கொடுக்காமல் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார். என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லண்ணே. எனக்கு முள்ளு ஐம்பது கிட்டதான் தெரிஞ்சுது" என்றார்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று மீட்டர்காரர் சீறினார். "மீட்டர் விஷயத்துல உங்க முன்னாடி நான் வாயைத் திறப்பேனாண்ணே?" என்று அவர் பாவமாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மீட்டர்காரர் பலகையைக் கழற்றி மேசைமேல் நிறுத்தி, முள்ளை விரலால் அறுபதுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தார். தலையைப் பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தார். விஷயம் பட்டவர்த்தனமாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தை ஓரத்தில் நின்று பார்த்தால் ஒரு நிமிஷம் முன்னே பின்னே தெரியுமே, அதே கதைதான். கம்பெனி முள் தட்டை ஒட்டிக் கிடக்கும், எங்கிருந்து பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. இந்தப் புது முள்ளோ தட்டுக்கு மேலே உயர்ந்து நிற்கிறது. பக்கத்து சீட்டிலிருந்து அறுபதாகத் தெரிவது ஓட்டுகிறவர் கண்ணுக்கு ஐம்பது. டாக்டர் அம்மா முள்ளை அறுபதில் வைத்து ஒழுங்காக ஓட்டும்போது வண்டி எழுபதில் போயிருக்கிறது. அந்தம்மாவின் கண் சரியாகத்தான் இருந்தது. ஓட்டுகிற சீட்டில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது. அட, உங்களுக்கு முள் எவ்வளவில் தெரிகிறது என்று ஓட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் போதும். மீட்டர்காரராயிற்றே, எப்படிக் கேட்பார்?

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. இருந்தும் மனசு சும்மா இருக்கிறதா? முள் மட்டமான சரக்கு, நழுவிவிட்டது என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு யோசனை, கூப்பிடாமலே வந்து நின்றது. அது அவ்வளவு சீக்கிரமாக வந்ததை நினைத்துத்தான் அவர் அதிகமாக வெட்கப்பட்டார்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். மனைவி என்னவென்று கேட்க, முழுக்கச் சொன்னார். டாக்டர் அம்மா கதையைச் சொல்வது எளிதாக இருந்தது. ஓட்டத் தெரியாது என்பதைச் சொல்லத்தான் நாக்கு புரளவில்லை. கடைசியில் ஒருவழியாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்தால், மனைவி அசையக்கூட இல்லை.

"எனக்குத் தெரியும். எங்க தம்பி கல்யாணத்துக்கு வேனை எடுத்துட்டு வாங்கன்னப்போ காய்ச்சல்னு படுத்தீங்களே. தொட்டுப் பாத்தேன், சுடவே இல்லை" என்றாள். பிறகு சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "என்கிட்ட மறைச்சது என்னோட போச்சு. அந்தம்மா தன் கண்ணையே நம்பாம உக்காந்திருக்காங்களே, போய்ச் சொல்லுங்க."

மறுநாள் ஆஸ்பத்திரியில், பல்வலிக்காரர்களோடு தானும் ஒருவராகக் காத்திருந்து உள்ளே போனார். பல் பார்க்கும் சாய்வு நாற்காலியைத் தவிர அங்கே வேறு நாற்காலி இல்லை. விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, முள் தவறாக வைக்கப்பட்டது, பக்கத்து சீட்டிலிருந்து வைத்ததால் வந்த வினை என்றார். டாக்டர் அம்மா ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு ஜன்னல் பக்கம் போய், தன் வலது கையை விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கண்ணை நம்பாம என் கையே எனக்கு வேண்டாம்னு ஆயிடுச்சுண்ணா" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. விசாரணைக்கு வந்து இதைச் சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்டார். ஏன் பக்கத்து சீட்டிலிருந்து வைத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பாதிதான் சொல்லியிருக்கிறோம் என்பது படியிறங்கும்போது அவருக்கே உறுத்தியது.

போக்குவரத்து அலுவலகத்தில் நல்ல கூட்டம். வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் அவருடைய வாடிக்கையாளர்கள். வணக்கம் சொல்லி, அண்ணே, இங்கே என்ன வேலை என்று விசாரித்தார்கள். அதிகாரி வயதில் சின்னவர், பொறுமையான ஆள். மீட்டர்காரர் கொண்டுபோன பலகையை நேராகவும் பக்கவாட்டிலும் பார்த்தார், புரிந்துகொண்டார். என்ன மாட்டியிருந்தாலும் வேகத்துக்கு ஓட்டுகிறவர்தான் பொறுப்பு என்றார். ஆனால் வேண்டுமென்றே செய்யவில்லை என்று குறித்துக்கொள்வதாகவும், மீட்டரைச் சரிசெய்து வண்டியைக் காட்டிவிட்டு லைசென்ஸை வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். டாக்டர் அம்மா மூச்சு விட்டது பக்கத்தில் கேட்டது. அவ்வளவுதான், எழுந்துவிடலாம் என்று மீட்டர்காரர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"உங்க வாக்குமூலத்துக்கு ஒரு அடையாளம் வேணும். லைசென்ஸ் குடுங்க" என்றார் அதிகாரி, கையை நீட்டியபடி.

அவர் சட்டைப்பையைத் தொட்டார். ஏன் தொட்டார் என்று அவருக்கே தெரியாது. வீட்டிலிருக்கிறது என்று சொல்லிவிடலாம், வாய் வரைக்கும் வந்தது. டாக்டர் அம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைசென்ஸ் கிடையாதுங்க. எடுக்கவே இல்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனாலதான் பக்கத்து சீட்டுல உக்காந்து முள்ளு வெச்சேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வாடிக்கையாளர்கள் இருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் இன்னொருவர் காதில் ஏதோ சொன்னார். இருவருமே அந்த உயர்ந்த முள்ளை வாங்கியவர்கள். அதிகாரி நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டு, வேறு ஏதாவது அட்டை இருந்தாலும் பரவாயில்லை என்றார், குரலைத் தாழ்த்தி. அந்தத் தாழ்ந்த குரல்தான் மீட்டர்காரருக்குத் தாங்கவில்லை. வெளியே வரும்போது அந்த இருவரிடமும் தானே போய், வண்டியைக் கொண்டுவாருங்கள், இந்த முறை உங்கள் கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள், நான் வைக்கிறேன் என்றார். அவர்கள் சரி என்றார்கள். எப்போதும் கூடவே சொல்கிற அண்ணே இப்போது இல்லை.

டாக்டர் அம்மாவும் அவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். ஒருவருக்கு ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை. இன்னொருவருக்கு இரண்டுமே இல்லை. டிரைவருக்குப் பக்கவாட்டில் இருந்த முன் சீட்டுதான் காலியாக இருந்தது. அங்கிருந்து பஸ்ஸின் மீட்டர் நன்றாகத் தெரிந்தது. அவர் கண், பழக்க தோஷம், நேராக முள்ளுக்குத்தான் போனது. டாக்டர் அம்மாவும் அதைக் கவனித்துவிட்டார். குத்திக் காட்டினாரா, சும்மா பேச்சுக் கொடுத்தாரா, அவருக்குத் தெரியவில்லை.

"எவ்வளவுல போறார்?" என்று கேட்டார்.

மீட்டர்காரர் முள்ளைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் விரலைப் பார்த்தார்.

"இங்கிருந்து பாத்தா சொல்ல முடியாதுங்க" என்றார்.