நடைவண்டிக்கு ஒரு லேத்

பேத்திக்கு நடைவண்டி வேண்டுமென்றால் கடைக்குப் போய் ஒன்றை வாங்கி வருவதுதான் ஊர் வழக்கம். நான் லேத் வாங்கினேன். "ஒரு டம்ளர் பாலுக்கு யாராச்சும் மாடு வாங்குவாங்களா?" என்று என் மனைவி கேட்டாள். வாங்குவார்கள். வேலைக்காலம் முழுவதும் மாட்டின் பக்கத்திலேயே நின்றவனுக்கு ஓய்வு கொடுத்து வீட்டில் உட்கார வைத்தால் கட்டாயம் வாங்குவான்.

கொள்ளேகால் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் டர்னராகச் சேர்ந்து, அங்கேயே நரைத்தவன் நான். இரும்புத் தண்டை லேத்தில் பூட்டிக் கடைந்து கொடுப்பது வேலை. ஓய்வு பெற்ற பிறகு என்னை அறியாமல் காலையில் சங்கு ஊதுவதற்குக் காது காத்திருக்கும். சட்டையில் எண்ணெய் வாசனை இல்லாமல் சாப்பிட உட்கார்ந்தால் யாரோ வீட்டு விருந்தில் உட்கார்ந்தது போல இருக்கும். இந்த வயதில் இதையெல்லாம் வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் நடைவண்டியைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

சாக்கும் பொய்யில்லை. மகள் பிரசவத்துக்கு வந்தவள் எங்களோடேயே இருந்தாள். மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வேலை, வாரக் கடைசியில் வருவார். லீவு முடிந்து மகள் ரிங் ரோடு பக்கம் இருக்கும் தன் ஆபீசுக்குப் போகத் தொடங்கியபோது குழந்தை தவழ ஆரம்பித்திருந்தது. தினமும் காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று அவள் ஒரே கேள்வியைக் கேட்பாள். "அம்மா, நான் ஆபீஸ்ல இருக்கறப்ப பாப்பா நடந்துட்டா என்ன பண்றது? நான் பாக்காம போயிடுமே."

"நீ இல்லாம நடக்காது கண்ணு. நான் சொல்லி வெச்சிருக்கறேன். நீ போயிட்டு வா" என்பாள் மனைவி.

மகளின் கவலை எனக்கு நன்றாகவே புரிந்தது. ஏனென்றால் அவளுடைய முதல் நடையை நான் பார்த்தவன். அப்போது ஒரு வட்டாரத்தில் குடியிருந்தோம். ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக ஒற்றை அறை வீடுகள் இருந்தால் இங்கே அதை வட்டாரம் என்பார்கள். எனக்கு ஷிப்ட் வேலை. குழந்தை விழித்திருக்கும்போது நான் மிஷினில் இருப்பேன், நான் வீட்டில் இருக்கும்போது அது தூங்கும். அன்று எனக்கு வார லீவு. முற்றத்துக் குழாயடியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மனைவியின் குரல். "ஏனுங்க! ஓடியாங்க! பாப்பா நடக்குது பாருங்க!" கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். வாசற்படியில் நான் மண்டியிட, என் மகள் ஆடி ஆடி நாலைந்து அடி வைத்து என்னிடம் வந்தாள். கிட்டே வந்து என் வெள்ளை முகத்தைப் பார்த்ததும் வீறிட்டு அழுதாள். வட்டாரமே கூடிச் சிரித்தது.

மாதத்தில் பாதி நாள் குழந்தையின் முகத்தையே சரியாகப் பார்க்காதவனுக்கு அது கிடைத்ததே என்று நான் கர்வப்பட்டுக்கொண்டதுண்டு. காதுகுத்தில் சொன்னேன், கல்யாண ரிசப்ஷனில் மைக்கைப் பிடித்தும் சொன்னேன். நான் இந்தக் கதையைத் தொடங்கினால் மட்டும் என் மனைவிக்கு அடுப்பில் பால் ஞாபகம் வந்துவிடும். கேட்டுக் கேட்டுப் புளித்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நாளில் மகளுக்கு ஒரு நடைவண்டி வாங்கிக் கொடுக்கத் தோன்றவில்லை. பேத்தி நடக்கும்போது என் கையால் கடைந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், அதை அவள் அம்மா பார்க்க வேண்டும். இவ்வளவுதான் என் திட்டம்.

மரம் கடையும் சிறிய லேத் ஒன்றை ஆர்டர் செய்தேன். அது லாரியில் வந்து இறங்கிய நாளில் கன்னடக்காரர்களின் ஆஷாட மாதம் தொடங்கியிருந்தது. ஆஷாடத்தில் புதுச் சாமானைப் பிரிக்கக் கூடாது என்று மனைவி பெட்டியின் மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டாள். சரி, ஊரோடு ஒத்து வாழ் என்று இருந்தேன். ஆஷாடம் முடிவதற்குள் நம்ம ஆடி பிறந்துவிட்டது. கன்னடக்காரர்களுக்கு ஸ்ராவணம் வந்து, தெருவெல்லாம் புது வண்டியும் கிரகப்பிரவேசமுமாகக் கலகலவென்று இருக்க, எங்கள் வீட்டில் மட்டும் ஆடி நகரவே இல்லை.

"ஏம்புள்ள, இருக்கறது கர்நாடகாவுல. இந்த ஊர்க் கணக்குப்படி நல்ல மாசம் வந்துருச்சே?"

"பஞ்சாங்கம் மாத்தறதுக்கு அது என்ன ரேஷன் கார்டுங்களா? ஆவணி பொறக்கட்டும்."

இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது மைசூர்த் தமிழனின் தலையெழுத்து. நான் தார்ப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்தேன். குழந்தை அதற்குள் சுவரைப் பிடித்து நிற்கப் பழகிவிட்டது.

ஆவணி பிறந்த அன்றே பெட்டியைப் பிரித்தேன். மிஷினை வைக்க எங்கள் வீட்டுக் கார் ஷெட்டைத் தவிர வேறு இடம் இல்லை. கார் வாங்குவோம் என்று கட்டிய ஷெட். கார் வரவில்லை, மகளின் ஸ்கூட்டர்தான் நிற்கும். வண்டி கழுவும் தண்ணீர் வாசலுக்கு ஓடட்டும் என்று கொத்தனார் தரையை நல்ல சரிவாகப் போட்டிருந்தார். வெல்டிங் கடையில் இரும்பு ஆங்கிளில் செய்த ஸ்டாண்டை நிறுத்தி, மேலே ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு காலுக்கு அடியில் இரும்புத் தகடுகளை அடுக்கி, போல்ட் போட்டு, கீழ்த்தட்டில் மணல் மூட்டைகளை ஏற்றிய பிறகுதான் குமிழி நடுவுக்கு வந்தது. சுவிட்சைப் போட்டு மிஷின் உடம்பின் மேல் உள்ளங்கையை வைத்தேன். மெல்லிய அதிர்வு கை வழியாக ஏறியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டது. என் பழைய மிஷினையே யாரோ கொண்டுவந்து ஷெட்டில் வைத்தது போல இருந்தது.

இரும்பையே கடைந்தவனுக்கு மரம் எம்மாத்திரம் என்று உளியை எடுத்தேன். இரும்பு லேத்தில் உளியை இறுக்கிப் பூட்டிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றுவோம். இங்கே பூட்டு என்று ஒன்றும் கிடையாது, நம் கைதான் எல்லாம். உளி முனை மரத்தில் ஆழமாகக் கவ்வியது. 'டமார்' என்று சத்தம். மரக்கட்டை பறந்துபோய் பிளாஸ்டிக் தண்ணீர் டிரம்மில் மோதி, அங்கிருந்து தெருவுக்குப் போய்விட்டது. மனைவி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, "மாடு உதைக்குதுங்களா?" என்று கேட்டாள்.

அதிலிருந்து மகளின் பழைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டுதான் மிஷினில் நிற்பேன். பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "எல்லிகே சார் சவாரி?" என்று தினமும் விசாரிப்பார், ஹெல்மெட்டோடு எங்கே பயணம் என்று. சிரிக்கட்டும். நான் வீம்புக்காரன். போனில் வீடியோ பார்த்தும், மூட்டை மூட்டையாக விறகை வீணாக்கியும் கையைப் பழக்கினேன். பிறகு மர டிப்போவிலிருந்து ஹாலே மரம் வாங்கி வந்தேன். நம் வெட்பாலைதான். பொம்மை கடைவதற்கு இங்கே அதைத்தான் எடுப்பார்கள், வெண்ணெய் நிறத்தில் வழவழவென்று வரும். கைப்பிடியைக் கடைந்தேன், தண்டுகளைக் கடைந்தேன், முதல் சக்கரத்தையும் இரண்டாவதையும் கடைந்தேன். மூன்றாவது சக்கரம் பாக்கி இருக்கும்போது ஆயுத பூஜை வந்து நின்றது.

ஆயுத பூஜை அன்று மிஷினை ஓட்டக் கூடாது. உளிகளுக்குப் பொட்டு வைத்து வாழையிலையில் வைத்துவிட்டால் மறுநாள்தான் தொடலாம். எங்கள் தொழிற்சாலையிலும் அப்படித்தான். வருஷத்தில் அந்த ஒரு நாள் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். வாழைக்கன்று கட்டிய மிஷின்களுக்கு நடுவே மனைவி புதுச்சேலையில் நடந்து வருவாள். மகளைத் தோளில் தூக்கி, "இதுதான் அப்பா மிஷின்" என்று காட்டுவேன். வீட்டுக்குத் திரும்பும்போது ஆளுக்கொரு கடலைப்புரிப் பொட்டலம், நம்ம பொரிதான். அந்தப் பொரி வாசனை இப்போதும் எனக்குச் சம்பள நாளைவிட இனிக்கும்.

வீட்டு ஆயுத பூஜையில் காலையிலேயே கலவரம். தெருவே ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு வண்டி கழுவிக்கொண்டிருந்தது. மகளும் ஸ்கூட்டரைக் கழுவினாள். அந்தச் சூட்டோடு சூடாக என் லேத்துக்கும் ஒரு குளியல் போட்டுவிட்டாள். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது மிஷினிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ! வார்ப்பிரும்பும்மா இது! துரு ஏறிடும்!"

"பூஜைக்கு எல்லாத்தையும் தொளீபேக்கு தானேப்பா? மிஷினை மட்டும் எப்படி அழுக்கா விடறது?" அவள் முகம் சுருங்கிவிட்டது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், 'கழுவ வேண்டும்' என்பதுகூடக் கன்னடத்தில்தான் வரும், அவளுக்குத் தெரிந்தது அதுதான். நான் கத்தியதை நினைத்து எனக்கே சங்கடமாகிவிட்டது. "சரி, போ, கோயில்ல கூட்டம் சேர்றதுக்குள்ள வண்டிக்குப் பூஜை போட்டுட்டு வா" என்று அனுப்பினேன். அவள் மாலையும் எலுமிச்சம்பழமுமாகப் பிள்ளையார் கோயில் வரிசைக்குப் போனாள்.

நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஷெட்டுத் தரையில் உட்கார்ந்து எண்ணெய்த் துணியால் துடைக்கத் தொடங்கினேன். குழந்தையைப் பக்கத்தில் பாய் போட்டு விட்டிருந்தேன். மனைவி குங்குமத் தட்டோடு வந்து மிஷினுக்குச் சாமந்தி மாலை போட்டாள். மாலையின் நுனியைப் பிடிக்கக் குழந்தை ஸ்டாண்டின் காலைப் பற்றி எழுந்து நின்றது. நான் அதன் கவனத்தைத் திருப்ப, கடைந்து வைத்திருந்த ஒரு சக்கரத்தை எடுத்து நீட்டினேன். அது ஸ்டாண்டை விட்டது. ஒரு காலை எடுத்து வைத்தது. இன்னொன்று. ஆடி ஆடி வந்து, என் கையிலிருந்த சக்கரத்தைப் பறித்துக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தது.

நான் கத்த வாயைத் திறந்தேன். மனைவி குங்குமம் தொட்ட விரலைத் தன் உதட்டின் மேல் வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க."

"நடந்துருச்சு புள்ள!"

"நடக்கலீங்க" என்றாள். "அவ வரட்டும்."

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மகள் வந்தாள், எலுமிச்சம்பழம் நசுங்கியது, பூசணிக்காய் உடைந்தது, சாப்பாடு முடிந்தது. சாயங்காலம் வரை குழந்தை தரையைத் தொடவில்லை. "எறக்கி விடும்மா, பாவம்" என்று மகள் சொன்னபோதுகூட, "தரையெல்லாம் ஈரம், வழுக்கிடும்" என்று மனைவி சமாளித்தாள். நான் வாயைக் கட்டிக்கொண்டு தவித்தேன்.

விளக்கு வைத்த பிறகு மகள் ஹாலில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கப் பொரிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பின்கட்டில் சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கையின் எண்ணெய்க் கறையைப் போக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தக் குரல் வந்தது.

"ஏனுங்க! ஓடியாங்க! பாப்பா நடக்குது பாருங்க!"

கை நுரையோடு ஓடினேன். சோபாவிலிருந்து குழந்தை அம்மாவை நோக்கி ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. பொரியெல்லாம் சிதற மகள் இரண்டு கையையும் நீட்டினாள். "அப்பா, பாத்தீங்களா! முதல் முதல்ல என்கிட்டதாம்பா வந்தா!" என்று அழுதாள், சிரித்தாள். "ஆமாம்மா, உன்கிட்டதான்" என்றேன்.

என் கண் மகள் மேல் இல்லை. மனைவியைப் பார்த்தபடி நிலைப்படியில் நின்றுவிட்டேன். அதே குரல். வட்டாரத்து வீட்டில், சோப்பு முகத்தோடு நான் கேட்ட அதே கூவல், அதே பதற்றம், அதே ஆச்சரியம். காலையில் கண்ணால் பார்த்த ஒன்றுக்கு மாலையில் ஒரு மனுஷி இப்படி ஆச்சரியப்பட முடியுமென்றால், அன்றைக்கு?

முதலில் கோபம்தான் வந்தது. காதுகுத்திலும் கல்யாணத்திலும் நான் மைக் பிடித்துச் சொன்ன கதையல்லவா. பிறகு அந்த ஒற்றை அறை நினைவுக்கு வந்தது. நான் மிஷினில் நிற்கும் ஒரு நாளில், யாரும் இல்லாத அந்த அறையில் குழந்தை அவளிடம் நடந்து வந்திருக்கும். அவள் கூவியிருக்க மாட்டாள். முற்றத்துப் பெண்களிடம்கூட மூச்சு விடாமல், என் வார லீவு வரும்வரை அதை இடுப்பிலேயே சுமந்திருப்பாள். ஊருக்கே சொல்லிச் சிரிக்க வேண்டிய சந்தோஷத்தை எனக்காக விழுங்கிவிட்டு, நான் பீற்றிக்கொள்ளும்போதெல்லாம் அடுக்களைக்குள் போயிருக்கிறாள்.

மறுநாள் விஜயதசமி. மிஷினைத் தொடங்க நல்ல நாள். மூன்றாவது சக்கரத்துக்கான கட்டையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது மனைவி காபி கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"ஏம்புள்ள," என்று மெல்லக் கேட்டேன், "அன்னிக்கு நான் ஷேவிங் பண்ணிட்டிருந்தப்ப... நெசமாவே அதுதான் முதல் தடவையா?"

அவள் மிஷின் மேல் வாடியிருந்த மாலையைக் கழற்றினாள்.

"அடுப்புல பால் வெச்சிருக்கறனுங்க, பொங்கிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுப்பில் இருந்த பால்தான் காபியாக என் கையில் இருந்தது.