அக்கா கேட்ட தெரு

எங்கள் கண்மாய் உடைந்து, அறுத்துப் போட்ட நெல் களத்திலேயே முளைத்துப்போன வருஷம்தான் அக்கா விமானப்படை ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகப் போனார். அந்த வெள்ளத்தில் எங்கள் எருமையும் போனது. அது தனிக் கதை. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

அக்கா பிறந்தது சமயநல்லூருக்கு மேற்கே, எங்கள் காலனியில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய்ப் படிக்க வைத்தார்கள். பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது அக்கா வடக்கே இருந்தார். அடிபட்டவர்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்குவார்களாம். "மொதல்ல ஷூவைத்தான் வெட்டி எடுப்போம் தம்பி. உள்ள காலு இருக்கான்னு கேப்பாய்ங்க" என்பார்.

சண்டை முடிந்து லீவில் வந்தார். நாங்கள் பெரிய தெருவில் செருப்போடு நடக்க முடியாத காலம் அது. எங்கள் பிணங்கள்கூடக் கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் போகும். தெருமுனையில் அப்பா தயங்கினார்.

"கரை வழியாப் போயிருவோம்த்தா."

"நீங்க போங்கப்பா. நான் இப்படியே வாரேன்."

உடுப்பும் ஷூவுமாக அக்கா தெருவில் நடந்தார். ஒரு வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டார்: "என்ன புள்ள, ஏரோப்ளேன்ல பறந்ததுல தரை மறந்துபோச்சா?"

"மறக்கலண்ணே. அதான் நடந்து வாரேன்."

அப்பா கரை வழியாகத்தான் வீடு வந்து சேர்ந்தார்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிட்டயர் ஆகித் திருப்பரங்குன்றத்தில் இருந்தார். போன வருஷம் படுக்கையில் விழுந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"டேய் தம்பி, என்னைய ஊருக்குக் கொண்டு போ. பெரிய தெரு வழியாத் தூக்குங்க. அப்பா வராத வழி."

எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். இன்று அங்கே மறிப்பார் யாருமில்லை. எங்கள் பேரப்பிள்ளைகள் பைக்கில் போய்வருகிற தெருதான். ஆனாலும் அக்காவின் பாடையைத் தூக்கியவர்கள் தெருமுனைக்கு வந்ததும் கரைப்பக்கம் திரும்பிவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. தலைமுறையாகப் போன வழி, கால் தானாகப் போய்விட்டது. கம்பூன்றிப் பின்னால் வந்த நான் கத்தியது கொட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. நான் எட்டிப் பிடித்தபோது பாடை கரையேறிவிட்டது.

"கெளம்புன பாடையத் திருப்பக் கூடாதே மாமா!" என்று முன்னால் தோள் கொடுத்திருந்த என் மருமகன் அழுதான்.

அக்காவைக் குழியில் இறக்கிய பிறகு, அன்று கேலி பேசியவரின் மகன் மாலையோடு மூச்சு வாங்க ஓடிவந்தார். "எங்க தெரு வழியா வருவீகன்னுதானே பெரியவரே, வாசத் தெளிச்சு நின்னுக்கிட்டு இருந்தேன்!" அந்த மாலையை மண்மேல்தான் வைக்க முடிந்தது.

அவருக்கும், கடைசிவரை அக்காவைப் புரட்டிப் படுக்கவைத்த நர்ஸ் பிள்ளைகளுக்கும், துக்க வீட்டில் சோறாக்கிப் போட்டவர்களுக்கும் கும்பிடு.

அக்காவுக்காகப் போட்ட இந்த நினைவு மலரை வாங்கிப் போகிறவர்கள் வீட்டு இளவட்டங்களிடம் ஒன்று சொல்லுங்கள். அடுத்துப் போகிறது நானாகத்தான் இருக்கும். முனைக்கு வந்ததும் யாராவது ஒருவர் முன்னால் நின்று, பெரிய தெருவுக்குக் கை காட்டுங்கள்.