கறுப்புப் பின்னணி

1. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள புடவைக் கடை ஒன்றுக்கு இணையப் பக்கம் அமைத்தேன்.
2. பட்டு எடுப்பாகத் தெரிய, பின்னணியைக் கறுப்பாக்கினேன்.
3. ஓர் ஆர்டரும் வரவில்லை. பக்கத்தை மூடிவிடலாம் என்றார் முதலாளி.

அன்று மதியம் கூறைப்புடவை வாங்க வந்த மாப்பிள்ளையைக் கடைக் கணினி முன் உட்கார வைத்தேன். சுபாங் ஜெயாவில் இன்ஜினியர். அலுவலக அடையாள அட்டையின் கழுத்துப்பட்டையைச் சட்டைப்பைக்குள் செருகியிருந்தார். ஒவ்வொரு படத்தையும் திறக்கும் முன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். சிவப்புக் கூறை திரையில் வந்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“என்ன சிஸ்டர், கூறைய கறுப்புல விரிச்சி வெச்சிருக்கீங்க?”

“அப்பதான் ஜரிகை பளிச்சுன்னு தெரியும் அண்ணே.”

“தெரியுது லா. எங்கம்மா பாத்தா கல்யாணத்தயே நிறுத்திருவாங்க!”

அவர் சிரித்தார். நான் அங்கேயே பின்னணியை மஞ்சளாக்கினேன்.

“ஆங், இப்ப கல்யாண வீடு மாதிரி இருக்கு.”

“அப்ப இதுலயே ஆர்டர் பண்ணுங்களேன்.”

“ஐயோ, தொட்டுப் பாக்காமலா?”

எழுந்து போய், அலமாரியிலிருந்து அதே புடவையை எடுக்கச் சொல்லித் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஈப்போவிலிருந்து முதல் ஆர்டர் வந்தது. பக்கம் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. அதை மாற்ற வைத்தவர் மட்டும் அதில் எதுவும் வாங்கவில்லை.